அரிசியை நிறுத்திய பயிற்சிக் கடிதம்

வணிகம் படித்தால் இப்போது பல்கலைக்கழகத்தில் பட்டமே தருகிறார்கள். அங்கே விரிவுரையாளராக இருக்கும் செல்வராஜு எங்கள் தெருக்காரர். போன மாதம் விடுமுறைக்குக் குளுவாங் வந்தவர், மூன்று வருடப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நிர்வாகம், விற்பனை, வணிகத் தொடர்பு, தொழில் ஒழுக்கம் என்று பக்கம் பக்கமாக இருந்தது.

"உங்க காலத்துல இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களா சார்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இல்ல தம்பி. நாங்க எல்லாம் மரத்துல தொங்கிக்கிட்டு இருந்தோம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மாணவர் மலருக்கு அதையே எழுதிக் கொடுங்கள் என்றார். எழுத உட்கார்ந்த பிறகுதான் கோபம் தணிந்தது. நாங்கள் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். ஆனால் அதைச் சொல்லிக்கொடுத்த மனிதர் ஒருவர் இருந்தார். இது அவரைப் பற்றியது, அவரிடம் நான் பட்ட ஒரு பாட்டைப் பற்றியது.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலாயாவில், ஜோகூரின் மூவாரில் பிறந்தேன், ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரை போனேன், சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்றுக்கொண்டு சிங்கப்பூரில் ஒரு கப்பல் ஏஜண்டிடம் இரண்டு வருடம் குப்பை கொட்டினேன். பிறகு குளுவாங்கில் ஒரு வணிக வகுப்புக்கு உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தேன். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு துணிக்கடையின் மாடிதான் வகுப்பு. ஆறு தட்டெழுத்து யந்திரங்கள், அதில் இரண்டுக்கு 'e' விழாது. ரப்பர் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிகள், கடை எழுத்தர்கள், ரயில்வேயில் வேலை செய்பவர்கள் என்று இருபது பேர் வேலை முடிந்து மாலையில் வருவார்கள். தொலைவில் இருப்பவர்கள் சனிக்கிழமை மதியம் மட்டும் வருவார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் கொண்ட கமிட்டி ஒன்று சம்பளம் கொடுத்தது.

வகுப்புத் தலைவர் நல்லதம்பி மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான், வெயிலோ மழையோ கையில் குடை. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட. ஆனால் அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் இருபது தடியன்களும் முதுகை நிமிர்த்துவார்கள். நானும்தான்.

அவர் மாணவர் எழுதும் கடிதத்தை உட்கார்ந்து வாசிக்க மாட்டார். குடையை இடது கையில் மாட்டிக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்தில் நின்று, வலது கையில் தாளைப் பிடித்து வாசிப்பார். முதலில் எனக்கு இது கோமாளித்தனமாகப் பட்டது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"இருந்து வாசிச்சா எந்தக் கடிதமும் நல்லாத்தான் இருக்கும் காணும்" என்றார். "கடைக்காரன் எங்க நிண்டு வாசிக்கிறான்? வாசல்ல லொறி நிக்குது, கூலியாள் கத்துறான், அவன் ஒரு கையால கடிதத்தைப் பிரிக்கிறான். ரெண்டாவது வரியில விசயம் விளங்க வேணும். எனக்கு இருக்க வேணும் போல வந்தா, அந்தக் கடிதம் சரியில்லை எண்டு அர்த்தம்."

அதனால் வகுப்பில் யாருக்கும் மதிப்பெண் கிடையாது. மாஸ்டர் நின்றபடியே தாளைத் திருப்பிக் கொடுத்தால் தேறியாயிற்று. நாற்காலியை இழுத்துப்போட்டால் அவ்வளவுதான், மறுபடி எழுத வேண்டும். எத்தனையோ பேர் அந்த நாற்காலியைப் பார்த்தே நடுங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்தார். சுங்கை பொன் என்று இல்லாத ஊர் ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தார். ஜோகூர் வரைபடத்தில் காஹாங்குக்குக் கிழக்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ரயில் நிலையம், அரிசி மண்டி, ஐஸ் தொழிற்சாலை, கப்பல் ஏஜண்டு, இரண்டு ரப்பர் தோட்டம் எல்லாம் வரைந்திருந்தார். மாணவர்கள் இந்த நிறுவனங்களாக மாறி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவார்கள். சரக்கு நனைந்துவிட்டது என்று ஒருவர் முறையிடுவார், இன்னொருவர் பதில் எழுதுவார். மாதம் முடிந்தால் நிறுவனங்கள் கை மாறும். போன மாதம் அரிசி மண்டிக்கு ஏகவசனத்தில் திட்டி எழுதியவர், இந்த மாதம் அதே மண்டியில் உட்கார்ந்து தான் எழுதிய கடிதத்துக்குத் தானே பதில் எழுத வேண்டும். "ஐயோ, இவன எவன்டா இப்படி எழுதச் சொன்னான்!" என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுதுவார்கள். வணிகத்தில் எதிராளி என்றால் யார் என்பதை இதைவிட நன்றாக ஒரு படிப்பு சொல்லித்தர முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்கு இரண்டு விதிகள். உண்மையான பெயர் எதுவும் வரக்கூடாது. கையெழுத்துப் போடக்கூடாது. மாஸ்டர் இரண்டையும் வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார்.

இதெல்லாம் இப்போது மெச்சி எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் திமிர். சிங்கப்பூரில் உண்மையான கப்பல் ஏஜண்டிடம் இருந்தவன் நான், என்னைக் கொண்டுவந்து பொம்மை ஊரில் பொம்மைக் கடிதம் எழுத வைக்கிறாரே இந்த மனிதர் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்தது. குடும்பம் குடும்பமாக நாகப்பட்டினம் கப்பலில் இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிராணிகளுக்கும் அதே கதிதான். அந்த நேரத்தில் ஒரு சனிக்கிழமை மாஸ்டர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வகுப்பு என் கையில் வந்தது.

"இன்னிக்குச் சுங்கை பொன் கெடையாது" என்றேன். "உங்க தோட்டம், உங்க கடை, நெஜமான பேரப் போட்டு எழுதுங்க. ஆள் கொறையுது, அதனால அடுத்த சரக்கு வேணாம்னு எழுதணும். இப்ப ஊரெல்லாம் அதுதான் நடக்குது. கையெழுத்தும் போடுங்க. கையெழுத்து இல்லாத கடிதம் ஒரு கடிதமா?"

எல்லாருக்கும் ஒரே உற்சாகம். சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாக இருந்த முத்தையா நன்றாக எழுதுவான். இருபத்துநான்கு வயது, வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டான். அவன் பையில் தோட்டத்தின் பெயர் அச்சிட்ட தாள் இருந்தது. அதிலேயே எழுதினான். குளுவாங்கில் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவரின் அரிசி மண்டிக்கு, வரும் வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டிய அரிசியை நிறுத்தும்படி கடிதம். வாரா வாரம் தோட்டத்து அரிசிக்கு எழுதி, மேனேஜருக்காகக் கையெழுத்துப் போடுவது அவன் வேலைதான். அதே கையெழுத்தைப் போட்டான். உறையில் வைத்து விலாசமும் எழுதினான். நான் அதை எடுத்து உயர்த்திக் காட்டி, "பாத்தீங்களா, இதுதான் கடிதம்" என்றேன்.

வகுப்பு முடிந்து போகும்போது தோட்டத்துத் தபால்களைக் குளுவாங்கில் போட்டுவிட்டுப் போவது முத்தையாவின் வழக்கம். பயிற்சிக் கடிதத்தையும் அதே பையில் போட்டிருந்தான். தபாலாபீஸில் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். வகுப்பு ஆரம்பிக்குமுன் முத்தையா படியேறி வந்தான். சட்டையெல்லாம் வேர்வை, உதடு காய்ந்திருந்தது.

"சார், தோட்டத்துக்கு அரிசி வரல. நேத்து வரணும். அந்தக் கடிதம் தவுக்கேக்குப் போயிருச்சி. நாந்தான் கவனிக்காம போட்டுட்டேன். எண்பது குடும்பம் சார்."

மாஸ்டர் திட்டவில்லை. அவர் முத்தையாவைப் பார்த்து, "பயிற்சிக் கடிதத்துக்குக் கையெழுத்து எப்பிடி வந்தது?" என்று கேட்டார். முத்தையா தரையைப் பார்த்தான். நான்தான் போடச் சொன்னேன் என்றேன்.

"ஓம்" என்றார் மாஸ்டர். "அதைப் பிறகு கதைப்பம். முதல் அரிசி."

குடையை எடுத்துக்கொண்டு மண்டிக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம். தவுக்கே கையை விரித்தார். "சூடா ஜுவால் லா!" அந்த அரிசியை வேறு தோட்டத்துக்கு விற்றாயிற்று. கடிதத்தில் கையெழுத்து இருந்தது, நான் என்ன செய்வேன் என்று அவரும் கத்தினார். மாஸ்டர் மலாயில் தணிவாகப் பேசினார். உம்மீது ஒரு குற்றமும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார். தவுக்கேயின் சத்தம் பாதியாகக் குறைந்தது. பத்து நிமிடத்தில், பத்துப் பாஹாட் ஊரிலிருந்து மறுநாள் மதியம் வரும் லாரியை அப்படியே தோட்டத்துக்குத் திருப்பிவிடுவதாக அவரே சொன்னார். முத்தையா அதைச் சொல்ல சைக்கிளில் ஏறிப் போனான்.

ஞாயிறு காலை மாஸ்டர் என்னை வகுப்புக்கு வரச்சொல்லி யந்திரத்தின் முன் உட்கார வைத்தார். தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் பயந்தேன். மனைவிக்கு ஆறு மாதம். கமிட்டிக்குத் தெரிந்தால் வேலை போகும். அந்த வருடத்தில் வேலை போனால் இன்னொன்று கிடைக்காது. எதிர்பாராத சூழ்நிலை காரணமாக ஒரு தவறு நேர்ந்தது என்று அழகாக ஆரம்பித்து ஒரு பக்கம் அடித்தேன்.

மாஸ்டர் வாசலில் நின்று வாசித்தார். "சூழ்நிலை எண்டவருக்கு நாங்கள் என்ன சம்பளம் குடுக்கிறம் காணும்? எந்த மேசையில இருக்கிறவர்?"

இரண்டாவது தடவை எழுதினேன். மாணவர் ஒருவரின் கவனக்குறைவால் என்று வந்தது. மாணவரின் இளவயதைக் கருதி மன்னிக்கவேண்டும் என்றும் சேர்த்தேன். அது எனக்குப் பெருந்தன்மையாகக்கூடத் தோன்றியது. வெட்கங்கெட்டவன் நான்.

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு கிராணியில ஒருத்தரை மாசக் கடைசியில நிப்பாட்ட வேணுமெண்டு அந்தத் துரை யோசிச்சுக்கொண்டிருக்கிறார். உமக்குத் தெரியுமோ? முத்தையா போன மாசம் என்னட்டச் சொன்னவன். இந்தக் கடிதம் போனா அவர் யோசிக்கத் தேவையில்லை. பொடியன் கப்பலேற வேண்டியதுதான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்றாவது கடிதத்தை அடித்தேன். ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ஐயா, உங்கள் தோட்டத்து அரிசியை நிறுத்திய கடிதம் என் வகுப்பில் எழுதிய பயிற்சி. உண்மைப் பெயரில் எழுதவும் கையெழுத்துப் போடவும் முத்தையாவிடம் சொன்னவன் நான். அது எங்கள் விதிக்கு மாறானது என்று தெரிந்தே சொன்னேன். அரிசி இன்று மதியம் வருகிறது. இதற்குமேல் நான் செய்யவேண்டியதைச் சொன்னால் செய்கிறேன்."

மாஸ்டர் எழுந்து நின்று வாசித்தார். பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

"சார், நீங்க எதுக்கு?" என்றேன்.

"நான் இல்லாத நாளில வகுப்பை ஆரிட்டக் குடுத்தனான்? உம்மட்ட. அது என்ர வேலைதானே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல் குடையைத் தட்டிக்கொண்டிருந்தார். கமிட்டிக்கும் அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அவரே அனுப்பினார் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னைத் திட்டித் தீர்த்தார்கள், ஆனால் நீக்கவில்லை.

அரிசி லாரி குளுவாங் வழியாகத்தான் வந்தது. மாஸ்டரும் நானும் அதிலேயே ஏறித் தோட்டத்துக்குப் போனோம். அரிசிக் கொட்டகைக்கு முன்னால் ஆணும் பெண்ணுமாகத் தோட்டமே நின்றிருந்தது. கையில் சாக்கும் தகரமும் வைத்திருந்தார்கள். அளக்கும் படியையும் பெயர்ப் பட்டியலையும் வைத்துக்கொண்டு முத்தையா கொட்டகை வாசலில் ஒதுங்கி நின்றான். அவனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

துரை எங்களை ஆபீசுக்குள் கூப்பிட்டார். கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பிறகு ஆங்கிலத்தில் மாஸ்டரிடம் சொன்னார்: "நான் இதை நம்புகிறேன். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நம்பமாட்டார்கள். கிராணி அரிசியைப் பக்கத்து ஊரான யோங் பெங்கில் விற்றுவிட்டான் என்று பேச்சாக இருக்கிறது. ஜனங்கள் நம்பாத கிராணியை நான் வைத்துக்கொள்ள முடியாது. ஒருவனை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும்."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியானால் கடிதத்தை நாங்கள் பாதிப் பேருக்குத்தான் கொடுத்திருக்கிறோம்" என்றார் அவரும் ஆங்கிலத்தில். "பட்டினி கிடந்தது நீங்கள் இல்லை. உங்கள் அனுமதி இருந்தால் மற்றவர்களுக்கும் இவர் கொடுப்பார்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "போய்ச் சொல்லும்."

கொட்டகைப் படியில் ஏறி நின்றேன். இருபது பேருக்குப் பாடம் நடத்திய பழக்கம் விடவில்லை. "அன்பார்ந்த தோட்டத் தொழிலாளர்களே, வணிகக் கல்வியின் நோக்கம் யாதெனில்..." என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"யோவ்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள். அஞ்சலை என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், இடுப்பில் ஒரு பிள்ளை. "எங்க அரிசி எங்க போச்சின்னு சொல்லுய்யா. ரெண்டு நாளா எம் புள்ளைங்க மரவள்ளிக் கெழங்கத் தின்னுட்டுக் கெடக்குது."

அதற்குமேல் பாடம் வரவில்லை. "உங்க அரிசிய நிறுத்துனது நான்" என்றேன். "குளுவாங்ல எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்குறேன். பாடத்துக்குப் பொய்யா ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். எழுதக் கூடாத மாதிரி எழுதச் சொன்னேன். அது நெஜமாவே கடைக்குப் போயிருச்சி. முத்தையா ஒரு மணி அரிசி விக்கல. தப்பு என்னோடது. உங்க புள்ளைங்க பசிச்சதுக்கு நாந்தான் காரணம்."

கசமுசாவென்று பேச்சு எழுந்தது. "படிச்சவன் பண்ற வேலையா இது!" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் காறித் துப்பினார். எனக்கு அது தகும். அஞ்சலை என்னை விட்டுவிட்டு முத்தையாவிடம் போனாள்.

"நேத்து லயத்துல ஒன்ன அந்தக் கேள்வி கேட்டோமே. திருட்டுப் பயன்னு கூடச் சொன்னோம். இந்தாளு சொல்லித்தான் எழுதுனேன்னு ஏன்டா வாயத் தொறக்கல?"

முத்தையா பெயர்ப் பட்டியலை மடித்து விரித்தான். என் பின்னாலிருந்து துரையின் குரல் வந்தது. தோட்டத்தில் பழகிய தமிழ் அவருக்கு. "நானும் கேட்டது. வெள்ளிக்கெழமை, கடிதம் நாந்தான் போட்டேன்னு கிராணி சொன்னது, அப்பவே கேட்டது. எவன் எழுதச் சொன்னான், பேரு சொல்லு, ஒன்ன விட்டுர்றேன்னு சொன்னது. கிராணி பேசலே."

"ஏன்டா?" என்றாள் அஞ்சலை மறுபடி.

"சார் வூட்டுல மாசமா இருக்காங்க" என்றான் முத்தையா. "சார் வேலை போயிரும்ல."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாணவர் ஒருவரின் கவனக்குறைவால் என்று நான் தட்டிக்கொண்டிருந்தபோது, அந்த மாணவன் என் பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திருடன் பட்டம் சுமந்திருக்கிறான். மாஸ்டர் முத்தையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் இருந்த பெருமையை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

துரை தொண்டையைக் கனைத்தார். "கிராணி, என்னா பாக்குறது? அரிசி போடு. நாளைக்கும் நீதான், அடுத்த மாசமும் நீதான்."

அஞ்சலை பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சாக்கை விரித்தாள். "எம் பேர மொதல்ல கூப்புடுய்யா. அடுப்பு பத்த வைக்கணும்."

அரிசி போடும் நாளில் தோட்டங்களில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிராணி படியைத் தட்டிக் குறைப்பான், மேலே குவிந்த அரிசியைச் சீவிவிடுவான் என்று ஒவ்வொருவரும் திரும்ப அளக்கச் சொல்வார்கள், சண்டையே நடக்கும். அன்று முத்தையா எண்பது பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு அளந்து போட்டான். அவசரத்தில் அரிசி கீழேயும் சிந்தியது. ஒருத்தர்கூடத் திரும்ப அளக்கச் சொல்லவில்லை.